காக்கா ஆழியின் உறவுமுறை: உயிரினங்களை வம்சவழியால் வகைப்படுத்துதல்

உயிரினங்களைப் பெயரிட்டுப் பிரித்தறிவது மனிதகுலம் மிகப் பழங்காலந்தொட்டுச் செய்துவரும் பணிகளுள் ஒன்றாகும். உண்ணத்தக்கவை, தகாதவை, வளர்க்கத்தக்கவை, அஞ்சத்தக்கவை, நிலத்தில் வாழ்பவை, நீரில் வாழ்பவை எனத் தன் தேவையை அளவுகோலாகக் கொண்டு மனிதன் வகுத்துக்கொண்ட பிரிவுகள் இன்றும் நம் சமையலறையிலும் சந்தையிலும் வழங்கிவருகின்றன. அவற்றில் பிழை ஏதுமில்லை. ஆயினும், ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகளாக உயிரியல் அறிஞர்கள் வேறொரு கேள்வியை அளவுகோலாகக் கொள்ளத் தலைப்பட்டுள்ளனர். ஓர் உயிரினம் எதைப் போல் இருக்கிறது என்பதன்று, அது எவற்றோடு ஒரே முன்னோரைப் பகிர்ந்துகொள்கிறது என்பதே அக்கேள்வி. இது அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைகளுக்குள் அடங்கிவிடும் விவகாரம் என்று எண்ணுவோர் உளர். எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் பிடித்துப் பிழைக்கும் மீனவர்களால் அவ்வாறு எண்ண இயலாது.

எம்.கே.பி. நகர், அதாவது மகாகவி பாரதியார் நகர், வியாசர்பாடியை ஒட்டிய குடியிருப்பு. அப்பகுதியின் நீரை வாங்கிச் செல்லும் கேப்டன் காட்டன் கால்வாய் பக்கிங்காம் கால்வாயில் கலக்கிறது. பக்கிங்காம் கால்வாயோ வடக்கு நோக்கிச் சென்று எண்ணூரில் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தை அடைகிறது. அதைக் கடந்து பழவேற்காடு ஏரியை நாடிச் செல்கிறது. ஆகவே எம்.கே.பி. நகர்வாசிக்கு எண்ணூர்க் கழிமுகம் தொலைதூர இடமன்று. அவருடைய வீட்டு வடிகாலின் மறுமுனை அது.

அனல்மின் நிலையங்களின் சாம்பலையும், 2017 ஜனவரியில் கடலில் கப்பல்கள் மோதியதால் பரவிய எண்ணெயையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கழிவையும் தாங்கிய அக்கழிமுகத்தில், 2020க்குப் பிந்திய ஆண்டுகளில் மற்றுமொரு துன்பம் பேசப்படலாயிற்று. கருமை நிறங்கொண்ட, விரல் நீளத்திற்கும் குறைவான ஒருவகை ஆளி, சேற்றின் மேல் பாய் விரித்தாற்போலப் படர்ந்தது. கையால் தடவி இறால் பிடிப்போரின் விரல்களையும் கால்களையும் அதன் ஓடுகள் கிழித்தன. சேற்றில் புதைந்து வாழும் இறாலுக்கும் மட்டிக்கும் இடமில்லாது போயிற்று. மீனவர்கள் அதற்குக் 'காக்கா ஆழி' என்று பெயரிட்டனர். ஆளி என்பதே முறையான சொல்; வடசென்னைப் பேச்சில் ளகரமும் ழகரமும் ஒன்றாகிவிடுவதால் செய்தித்தாள்களில் ஆழி என்றே அது நிலைத்துவிட்டது. விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை சென்றது.

அங்கே எழும் முதற்கேள்வி, இது என்ன என்பதே. இது உள்ளூர் ஆளிகளுள் ஒன்று மிகையாகப் பெருகியதா? அல்லது வெளியிலிருந்து வந்ததா? வந்ததெனில் எங்கிருந்து, எவ்வழியே? இக்கேள்விகளுக்குக் கண்ணால் கண்டு மட்டும் விடை கூற இயலாது. அதற்கான காரணத்தை அறிய, வகைப்படுத்தலின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நலம்.

ஹிஜ்ரி 255இல் பஸராவில் மறைந்த அல்-ஜாஹிஸ், தமது 'கிதாபுல் ஹயவான்' என்னும் பெருநூலில் விலங்குகளை நடப்பவை, பறப்பவை, நீந்துபவை, ஊர்பவை என நான்காகப் பகுக்கிறார். பகுத்த கையோடு அப்பகுப்பின் குறைகளையும் அவரே எடுத்துக்காட்டுவதுதான் அவருடைய சிறப்பு. சிறகடித்துப் பறப்பன யாவும் பறவையல்ல; வண்டும் குளவியும் பறக்கின்றன. நீரில் நீந்துவன யாவும் மீனல்ல. அசைவு என்னும் ஒரே அளவுகோல் போதாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலான காலத்திற்குப் பின் 'ஹயாத்துல் ஹயவான்' எழுதிய அத்தமீரி (இறப்பு: ஹிஜ்ரி 808, கி.பி. 1405) வேறு வழி கொண்டார். அவர் விலங்குகளை அகர வரிசையில் அடுக்கினார். இயற்கையைப் பற்றி எவ்வுரிமையும் கொண்டாடாத அடக்கமான முறை அது.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிடாமல் செல்ல இயலவில்லை. அல்-ஜாஹிஸை 'டார்வினுக்கு முந்திய டார்வின்' எனப் போற்றும் கட்டுரைகள் நம் சமுதாய ஏடுகளில் அவ்வப்போது வெளிவருகின்றன. உயிர்களிடையே நடக்கும் போராட்டத்தையும், சூழலால் உயிர்கள் மாறுவதையும் அவர் கூர்ந்து நோக்கியது உண்மை. ஆனால் எல்லா உயிரினங்களும் கிளைத்துப் பிரிந்த ஒரே மரத்தை அவர் வரையவில்லை. வகைப்படுத்தலை அம்மரத்தின் மீது அமைக்கவும் இல்லை. இல்லாத பட்டத்தைச் சூட்டுவதைவிட, தம் பகுப்பைத் தாமே ஐயுற்ற அந்த நேர்மைக்காக அவரைப் போற்றுவது அவருக்கு நாம் செய்யும் பெரிய மரியாதையாக இருக்கும் என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

நம்மிடையே வழங்கும் மற்றொரு வகைப்படுத்தல் ஃபிக்ஹு சார்ந்தது. ஷாஃபிஈ மத்ஹபில் கடல்வாழ் உயிரினங்கள் பொதுவாக உண்ண ஆகுமானவை. ஹனஃபி மத்ஹபில் அவற்றுள் மீன் மட்டுமே ஆகுமானது. இதனால் இறால் மீனா, அன்றா என்ற கேள்வி ஹனஃபி அறிஞர்களிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. அரபு மொழி அறிஞர்கள் இறாலைச் சிறுமீன் எனக் குறித்துள்ளனர். அத்தமீரியும் அவ்வாறே குறிக்கிறார். அதனைச் சான்றாகக் கொண்டு ஆகுமென்றோர் உண்டு. விலங்கியலார் இறாலை மீனாகக் கொள்வதில்லை என்பதைச் சுட்டித் தவிர்க்கச் சொன்னோரும் உண்டு.

இதில் தீர்ப்புக் கூறுவது ஆலிம்களின் பணி. ஆனால் விலங்கியலைச் சான்றுக்கு அழைப்பவர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இறால் மீனன்று என்பதில் ஐயமில்லை. அது கணுக்காலிகளைச் சேர்ந்தது. மரபணு ஆய்வுகளின்படி பூச்சிகளின் மரபே இறால், நண்டு ஆகியவை அடங்கிய கிளைக்குள்ளிருந்து தோன்றியது. ஆகவே இறால், வஞ்சிரத்தைவிடக் கரப்பான்பூச்சிக்குப் பன்மடங்கு நெருங்கிய உறவு. ஆனால் வம்சவழியில் நோக்கினால் 'மீன்' என்பதே தனித்த ஒரு குடும்பமன்று. ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவிலும் வாழும் நுரையீரல் மீன், மத்தியைவிட மாட்டுக்கு நெருங்கிய உறவு. மீன் என்னும் சொல்லால் நாம் குறிப்பவற்றையெல்லாம் ஒரே முன்னோரின் வழித்தோன்றல்களாகத் தொகுத்தால், பல்லியும் பறவையும் மனிதனும் அத்தொகுப்புக்குள் வந்துவிடுவர். மீன் என்பது வழக்குச் சொல். அதன் எல்லையை மொழி வழக்குத்தான் வரையறுக்கிறது. பரிணாம மரம் வரையறுப்பதில்லை.

வம்சவழி வகைப்படுத்தலின் நுட்பம் இங்கேதான் உள்ளது. சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட 'சிஸ்டமா நேச்சுரே' பத்தாம் பதிப்பு, விலங்குகளுக்கு இருசொற்பெயர் வழங்கும் முறைக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அவர் உருவ ஒற்றுமையை நம்பினார். கப்பலின் அடியிலும் துறைமுகத் தூண்களிலும் வெண்மையாய் ஒட்டிக்கொண்டிருக்கும் கொட்டலசை, ஓடு இருப்பதால் சிப்பிகளோடு சேர்த்துவிட்டார். 1830இல் ஜான் வாகன் தாம்சன் என்பவர் கொட்டலசின் இளம்பருவத்தை நோக்கியபோது அது இறால், நண்டு இனங்களின் குஞ்சைப் போல் நீந்துவதைக் கண்டார். காசிமேட்டுப் படகின் அடியில் ஒட்டியிருக்கும் அந்த ஓடு, படகுக்குள் கூடையில் கிடக்கும் இறாலின் உறவு. பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிப்பியின் உறவன்று. டார்வின் இக்கொட்டலசு இனங்களை ஆராய்வதில் எட்டாண்டுகள் செலவிட்டார். 1859இல் வெளிவந்த அவருடைய 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் உள்ள ஒரே படம், கிளைகள் விரியும் ஒரு வரைபடம்.

கிளைகளை எவ்வாறு கண்டறிவது என்பதற்கு ஒழுங்கான முறையை வகுத்தவர் ஜெர்மானியப் பூச்சியியலார் வில்லி ஹென்னிக். 1950இல் வெளியான அவருடைய நூல், 1966இல் ஆங்கிலத்தில் வந்த பின்னரே உலகெங்கும் செல்வாக்குப் பெற்றது. அவர் கூறிய விதியை நம் மரபிலுள்ள ஓர் எடுத்துக்காட்டால் எளிதில் விளக்கலாம்.

ஓர் அரபுத்தமிழ் நூலுக்கு ஐந்து கையெழுத்துப் படிகள் கிடைப்பதாகக் கொள்வோம். எது எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று அறிய வேண்டும். ஐந்திலும் ஒரே மாதிரியாக உள்ள வரிகள் நமக்கு எதையும் உணர்த்தா. அவை மூலத்திலிருந்தே வந்தவை. ஒரு படியில் மட்டும் உள்ள பிழையும் பயன்படாது. அது அந்த எழுத்தரின் கைப்பிழை. ஆனால் மூன்று படிகளில் மட்டும் ஒரே இடத்தில் ஒரே வரி விடுபட்டிருக்குமானால், அம்மூன்றும் அவ்வரியை முதன்முதலில் விட்டுவிட்ட ஒரு படியின் வழி வந்தவை என்று துணியலாம். உறவைக் காட்டுவது பொதுவான ஒற்றுமையன்று, பகிர்ந்துகொள்ளப்பட்ட புதுமையே. ஹென்னிக் உயிரினங்களுக்குக் கூறியதும் இதுவே. முதுகெலும்பு இருப்பது பல்லியையும் பசுவையும் பிற முதுகெலும்பிகளிடமிருந்து பிரித்து நெருக்கமாக்காது; அது அவை எல்லாவற்றுக்கும் பொதுவான பழஞ்சொத்து. முடியும் பால் சுரப்பும் பசுவையும் எலியையும் திமிங்கிலத்தையும் ஒரு கிளையில் சேர்க்கின்றன.

ஒரே பிழையை இரு எழுத்தர்கள் தனித்தனியே செய்துவிடுவதும் உண்டு. உயிரினங்களிலும் அவ்வாறு நிகழ்கிறது. வௌவாலின் சிறகும் பறவையின் சிறகும் தனித்தனியே தோன்றியவை. அத்தகைய போலி ஒற்றுமையைக் களைவதற்கு ஒரே வழி, பல பண்புகளை ஒருங்கே ஒப்பிடுவதுதான். ஒரு வரியில் பொருந்தும் தற்செயல், நூறு வரிகளில் பொருந்தாது.

இப்போது எண்ணூருக்குத் திரும்புவோம். ஆளி வடிவம் என்பது நீண்டு, ஒரு முனை கூர்ந்து, நூல் போன்ற இழைகளைச் சுரந்து பாறையிலோ கப்பலிலோ பற்றிக்கொள்ளும் வடிவம். நம் கடற்கரையின் பச்சை ஆளிக்கு இவ்வடிவம் உண்டு. காக்கா ஆழிக்கும் உண்டு. 1960களில் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் தென்பட்ட மற்றோர் அயல் உயிரியான மைட்டிலாப்சிஸ் சாலிக்கும் ஏறத்தாழ இதே வடிவம்தான். மூன்றையும் ஒரு தட்டில் வைத்து, அருகே ஒரு மட்டியையும் ஒரு முத்துச்சிப்பியையும் வைத்துவிட்டு, உறவுகளைச் சேர்த்து வைக்கச் சொன்னால், எவரும் முதல் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவர்.

உண்மை அவ்வாறில்லை. காக்கா ஆழியும் பச்சை ஆளியும் ஒரே குடும்பத்தவை. அவற்றிற்கு அடுத்தபடி நெருங்கியது, கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம் முன்னோர் வணிகம் செய்த முத்துக்களை ஈன்ற முத்துச்சிப்பி. மைட்டிலாப்சிஸோ மட்டியின் பெருங்கிளையைச் சேர்ந்தது. இவ்விரு பெருங்கிளைகளும் பிரிந்து நாற்பத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு மேலாகின்றன. பற்றிக்கொண்டு வாழும் வாழ்க்கை, மட்டியின் உறவான ஒன்றை ஆளியின் உருவத்துக்கு வளைத்துவிட்டது. அதைப் பொய்யாளி எனலாம். ஓட்டைத் திறந்து கூர்முனையின் உட்புறத்தை நோக்கினால், தசை பற்றுவதற்கான சிறிய தட்டு ஒன்று பொய்யாளியில் தென்படும். காக்கா ஆழியில் அது இராது. வெளித்தோற்றம் மறைத்ததை அந்தச் சிறிய தட்டு காட்டிக்கொடுக்கிறது.

காக்கா ஆழியின் அறிவியற் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டா. இதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலக் கரைகள்: பசிபிக் பக்கம் மெக்சிகோ முதல் எக்குவடோர் வரை, அட்லாண்டிக் பக்கம் வெனிசுவேலா முதல் அர்ஜென்டினா வரை. 1986இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு மின்நிலையத்தின் நீரெடுக்கும் குழாயில் இது காணப்பட்டது. பின்னர் பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளிலும் தலைகாட்டியது. இந்தியாவில் கொச்சிக் காயலில் இது இருப்பதைக் கேரள ஆய்வாளர்கள் 2019இல் பதிவு செய்தனர். அஷ்டமுடிக் காயலில் மட்டி எடுப்போரின் பிழைப்பையும் இது பாதித்தது. அங்குள்ளோர் இதற்கு இட்ட பெயர் 'வரத்தன் கக்கா'. வரத்தன் என்றால் வெளியூரிலிருந்து வந்தவன். தமிழருக்கும் அச்சொல் விளங்கும்.

இதே உயிரியை நூல்கள் பலவும் மைட்டெல்லா சாருவானா என்று குறித்துவந்தன. ஹான்லி இட்ட ஸ்ட்ரைகேட்டா என்னும் பெயர் 1843இல் அச்சேறியது. தோர்பினி இட்ட சாருவானா 1846இல்தான் அச்சேறியது. இரண்டும் ஒரே உயிரி என்று தெளிவானபோது, முந்திய பெயருக்கே உரிமை என்னும் விதிப்படி முதற்பெயர் நிலைத்தது. இது வெறும் பெயர்ச் சண்டை அன்று. ஃப்ளோரிடாவில் ஒரு பெயரிலும் கொச்சியில் வேறொரு பெயரிலும் பதிவாகும் உயிரியைப் பற்றிய அறிவு ஒன்று சேராது. ஓரிடத்தார் கற்றது மற்றோரிடத்தாருக்குச் சென்றடையாது.

உருவத்தால் ஐயம் நீங்காதபோது மரபணு துணைக்கு வருகிறது. கனடாவைச் சேர்ந்த பால் ஹெபர்ட் 2003இல் முன்வைத்த முறையின்படி, மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ஒரு மரபணுவின் ஏறத்தாழ 650 எழுத்துகளைப் படித்து, உலகெங்கும் சேர்த்து வைக்கப்பட்டுள்ளவற்றோடு ஒப்பிடுவர். முன்னர்க் கூறிய கையெழுத்துப் படிகளைப் போன்றதே இதுவும். எழுத்துகள் மட்டும் நான்கு. ஆனால் ஆளிகளிடம் ஒரு விநோதம் உண்டு. பெரும்பாலான விலங்குகளில் மைட்டோகாண்ட்ரியா தாய்வழியே மட்டும் வருகிறது. ஆளிகள் பலவற்றில் ஆண்கள் தந்தைவழி மைட்டோகாண்ட்ரியாவையும் பெற்று அதனை விந்துறுப்பில் வைத்திருக்கின்றன. மைட்டெல்லாவிலும் இதற்கான அறிகுறிகளை 2012இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. இதை அறியாத ஒருவர், ஓர் ஆளியின் தந்தைவழி எழுத்துகளை இன்னொன்றின் தாய்வழி எழுத்துகளோடு ஒப்பிட்டுவிட்டு, இவை வெவ்வேறு இனங்கள் என்று முடிவு கட்டக்கூடும். கருவி எவ்வளவு கூர்மையானதாயினும், எந்தச் சதைத்துணுக்கை எடுத்தோம் என்ற எளிய கேள்வி நீங்குவதில்லை.

சரி, உறவை அறிந்து என்ன பயன்? முதற்பயன், அதன் இயல்பு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. இவ்வாளி படிப்படியாகப் பழக்கப்பட்டால் ஆயிரத்தில் 2 பங்கு உப்பு முதல் 40 பங்கு உப்பு வரை தாங்கும் என்று ஃப்ளோரிடாவில் ஆய்ந்தவர்கள் கண்டறிந்தனர். கடல்நீரின் உப்பு ஆயிரத்தில் ஏறத்தாழ 35 பங்கு. எனவே மழை வெள்ளத்தில் கழிமுகம் நன்னீராகும் சில நாட்களை நம்பிப் பயனில்லை; கோடையில் பழவேற்காட்டு ஏரி கரிப்பதை நம்பியும் பயனில்லை. எண்ணூரில் ஒரு சோதனையும் செய்யுமுன்னரே இவ்வளவும் நமக்குத் தெரிந்தது, சரியான பெயர் தெரிந்ததனால்தான்.

இரண்டாவது பயன் விரைவு. 1999இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் படகுத்துறைகளில் மைட்டிலாப்சிஸ் கண்டுபிடிக்கப்பட்டபோது, உடனே அது இன்னதென அடையாளம் கண்டனர். அத்துறைகள் மடைக்கதவு உடையவை. கதவுகளை மூடிக் குளோரினும் செப்புச் சல்பேட்டும் இட்டு அதனை அறவே ஒழித்தனர். எண்ணூர்க் கழிமுகத்துக்கு மடைக்கதவு இல்லை. அதில் நஞ்சிட்டால் இறாலும் மடவையும் மடியும், அவற்றை நம்பியுள்ள குடும்பங்களும் வாடும். ஆளி பாய் விரித்த பின் எஞ்சுவது மண்வெட்டியும் தோண்டும் எந்திரமும்தான். அவையும் சேற்றோடு மட்டியை வாரிச் செல்லும். ஆகவே அடையாளம் காணும் வேலை பாய் விரியுமுன் நடந்திருக்க வேண்டும்.

அதற்கு முன்பட்டியல் தேவை. வந்தவன் யார் என்று கூற, இருந்தவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா? என்.கே. பணிக்கரும் ஆர். கோபால ஐயரும் சென்னையின் உவர்நீர் உயிரினங்களைப் பற்றி 1937இல் ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். அன்று அதனைப் பயனற்ற பட்டியல் என்று எண்ணியோர் இருந்திருக்கலாம். ஆனால் அத்தகைய பட்டியல்களைக் கொண்டுதான் ஓர் ஆளியைப் பூர்விகம் என்றோ அயல் என்றோ நீதிமன்றத்தில் கூற முடிகிறது.

மூன்றாவது பயன், வந்த வழி. கப்பல்கள் சரக்கின்றி வரும்போது நிலைபெறுவதற்காக ஏற்றிக்கொள்ளும் நீரில் ஆளிக்குஞ்சுகள் கடல் கடக்கும். கப்பலின் அடியில் ஒட்டியும் வரும். அந்நீரை ஒழுங்குபடுத்த 2004இல் உருவான பன்னாட்டு உடன்படிக்கை 2017 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டது. 2014இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. அத்துறைமுகத்துக்கு வரும் கப்பல்களையே மீனவர்கள் சுட்டுகின்றனர். இதனை மரபணு மரத்தில் சோதிக்கலாம். எண்ணூர் ஆளியின் எழுத்துகள் கொச்சி ஆளியோடு ஒரே சிறுகிளையில் அமைந்தால், அது கேரளத்திலிருந்து கரையோரமாக வந்திருக்க வாய்ப்பு மிகுதி. சிங்கப்பூர், மணிலா ஆளிகளோடு அமைந்தால் கிழக்கிலிருந்து வந்த கப்பல்களைப் பார்க்க வேண்டும். கொச்சியில் இல்லாத மாற்றங்கள் அதில் பல காணப்பட்டால், அது தனியே, ஒருவேளை பலமுறை, நேராக வந்திறங்கியது எனலாம். அவ்வாறாயின் இருக்கும் ஆளியை வாரிக் கரையில் கொட்டுவது மட்டும் போதாது. அடுத்த கப்பலின் நீரையும் சோதித்தாக வேண்டும். இவ்வினாவுக்குத் தேவைப்படுவன, காட்டுக்குப்பத்திலும் பழவேற்காட்டிலும் எடுத்த சில பத்து ஆளிகளின் உடற்துணுக்குகளே; விந்துறுப்பைத் தவிர்த்து எடுத்தவை.